ஒரு தட்டுக்கு நாலு தராசு

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது என்று என் இரண்டு கண்கள்மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன். ஒரு கண்ணில் அறுவை செய்து வேறு வில்லை வைத்திருக்கிறார்கள். அதன்மீது இட்ட ஆணை செல்லாது என்று யாராவது நினைத்தால், மற்றக் கண்ணை இரண்டு தடவை எண்ணிக்கொள்ளலாம்.

"மூச்சு விடாதே" என்றார் மில்லிகிராம்.

சமையல் மேடையில் இரண்டு தராசுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதல் தராசில் வைத்தபோது சோற்றுத் தட்டு முந்நூற்று நாற்பத்தெட்டு கிராம். அதே தட்டு, அதே சோறு, இரண்டாவது தராசுக்குப் போனதும் முந்நூற்று ஐம்பத்தொன்று. ஒரு சாண் தூரப் பயணத்தில் சோறு மூன்று கிராம் பெருத்திருந்தது.

"எவ்வளவு நேரங்க விடாம இருக்கிறது?" என்று மனைவி கேட்டாள்.

"நம்பர் நிக்கிற வரைக்கும்."

"அதுக்குள்ள நான் நின்னுடுவேன்."

மில்லிகிராம் சிரிக்கவில்லை. இந்த மாதிரிப் பேச்செல்லாம் அந்த மாதம் அவருக்கு ஆகவில்லை. குனிந்து, தராசின் நாலு பாதங்களையும் விரலால் தடவிப் பார்த்து, தட்டை மறுபடி முதல் தராசுக்கு மாற்றினார். முந்நூற்று நாற்பத்தாறு. சோறு இப்போது இளைத்துவிட்டது. அதற்குள் ஆறியும் விட்டது.

மில்லிகிராம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, கடைத்தெரு வைத்தது. முப்பத்திரண்டு வருடம் தராசுகளுக்கு முத்திரை வைக்கும் ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாகப் போய், தராசு நேராக நிற்கிறதா, எடைக்கல் தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். இல்லாவிட்டால் தராசைத் தூக்கிக்கொண்டு போவார். அவர் தெருமுனையில் திரும்பினாலே தராசுத் தட்டில் உட்கார்ந்திருந்த ஈக்கள் எழுந்து பறந்துவிடும், தங்கள் எடை யார் தலையில் விடியுமோ என்ற பயத்தில். மகள் பிறந்தபோது அந்த ஆஸ்பத்திரித் தராசில் அந்த வருட முத்திரை இல்லை என்று குழந்தையின் எடையை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. வேறு தராசு வரும்வரை அந்தப் பெண் மூன்று நாள் எடையே இல்லாமல் வளர்ந்தாள்.

ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. கடைசி நாளில் மாதிரி எடைக்கற்களைப் பெட்டியோடு அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையணையைத் தூக்கி, "நானூத்திப் பத்து" என்றார். மறுநாள் செருப்பு. அதற்கு மறுநாள் பக்கத்து வீட்டுப் பூனை. நாலாம் நாள் தூக்க ஒன்றும் மிஞ்சவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மாதங்கள் போனபின் ஒரு நாள் காலையில் மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

"டாக்டர்கிட்ட போகணும். கிளம்புங்க."

"உனக்கு என்ன?"

"போனாத்தானே தெரியும். தனியா போக ஒரு மாதிரி இருக்கு."

மில்லிகிராம் உடனே எழுந்தார். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. துவைக்கிற மெஷின் துணியை இழுத்துவிடுகிறது என்று அதைத் திட்டிக்கொண்டே பெல்ட்டை இறுக்கினார்.

ஆஸ்பத்திரியில் அவர்களை முதலில் நர்ஸ் அறைக்கு அனுப்பினார்கள். மூலையில் ஆள் ஏறி நிற்கும் எடை இயந்திரம் ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் மில்லிகிராமின் முகத்தில் எட்டு மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. நர்ஸ் வாய் திறப்பதற்குள் அவர் அதன்மேல் ஏறியிருந்தார்.

"நான் எழுபத்திரண்டு கிலோ முந்நூறு கிராம்மா. இருபது வருஷமா அதேதான். உன் மெஷின் என்ன சொல்லுதுன்னு பாப்போம்."

இயந்திரம் ஏதோ சொன்னது. மில்லிகிராம் இறங்கினார், மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார்.

"இதை யாரும்மா பாஸ் பண்ணினது?" என்றார்.

நர்ஸ் சீட்டில் குறித்துக்கொண்டாள். இயந்திரத்தின் குற்றத்தைத்தான் குறித்துக்கொள்கிறாள் என்று அவருக்குத் திருப்தி. முத்திரை எங்கே இருக்கிறது என்று பார்க்க, முட்டி போட்டு அதன் அடியில் தலையை விட்டார்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார். பேச்சு முழுதும் மேசைக்கு அந்தப் பக்கம் மனைவியிடம் நடந்தது. இயந்திரத்தின் அடியில் முத்திரையைத் தவிர மற்ற எல்லாமே இருந்தன: தூசி, ஒரு பஞ்சுருண்டை, யாருடையதோ சட்டைப் பொத்தான். அவற்றுக்கு நடுவில் அவர் காதுக்கு எட்டியது இவ்வளவுதான்:

"வேளா வேளைக்கு அளந்து சாப்பிடணும். கண்ணால அளக்கிறதெல்லாம் வேண்டாம், ஒரு சின்னத் தராசு வாங்கிடுங்க. சாப்பிட்டது எவ்வளவு, மிச்சம் வச்சது எவ்வளவு, எல்லாம் எழுதி வைங்க. ஒரு மாசத்துல ரெண்டு கிலோவாவது ஏறணும். ஏறலைன்னா அட்மிட் பண்றதைத் தவிர வழியில்ல. பக்கத்துல ஒருத்தர் இருந்து கவனிச்சுக்கணும்."

"அதை என்கிட்ட விடுங்க டாக்டர்" என்று ஒரு குரல் இயந்திரத்துக்கு அடியிலிருந்து வந்தது.

டாக்டரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படியும் ஒரு கணவரா என்று டாக்டர் நினைத்திருக்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில் மில்லிகிராம் பாதித் தெருவில் நின்று மனைவியைப் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது போலத் தெரிந்தது. டாக்டர் சொன்ன பிறகு யாருக்கும் யார் கன்னமும் ஒட்டித்தான் தெரியும்.

"சாப்பாடு இறங்கலைன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார்.

"சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். நீங்க காதுல வாங்கினாத்தானே."

அது அவருக்குச் சுருக்கென்றது. முப்பத்தோரு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். ஊரில் எவன் கடையில் எத்தனை கிராம் குறைகிறது என்று தெரியும். வீட்டில் குறைந்தது தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டாக்டர் கொடுத்த சாப்பாட்டுச் சீட்டை மனைவி ஃப்ரிட்ஜில் மாட்டினாள். காலை நூற்றெண்பது, மதியம் முந்நூற்றைம்பது, மாலை நூற்றிருபது, இரவு இருநூற்றைம்பது. மேல் பாதியை மடித்துக் காந்தத்துக்கு அடியில் செருகினாள்.

"ஏன் மடிக்கிற?"

"காந்தம் சின்னது. முழுசா விட்டா விழுந்துடும்."

மில்லிகிராம் சீட்டைக் கையில் வாங்கி ஏந்திப் பார்த்தார். நாலரை கிராம். காந்தத்தையும் பார்த்தார். "ஆமா, தாங்காது" என்று திருப்பிக் கொடுத்தார்.

பிறகு தராசு வாங்கப் போனார்.

பாத்திரக் கடைக்காரர் அவரைப் பார்த்ததும் தன் வழக்கப்படி இரண்டு கைகளையும் கல்லாவின் மேல் விரித்து வைத்தார். பதினெட்டு வருடத்துக்கு முன் நாலு கிராம் வித்தியாசத்துக்கு அவருடைய தராசை மில்லிகிராம் தூக்கிக்கொண்டு போயிருந்தார். அன்று பிடித்த பழக்கம்.

"நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்களே சார்" என்றார் பலவீனமாக.

"வாங்க வந்திருக்கேன். சாப்பாடு நிறுக்கிற தராசு."

கடைக்காரர் நம்பவில்லை. நம்பாமலே பதினாலு தராசுகளை எடுத்து வைத்தார். கண்ணாடி வைத்தது, எவர்சில்வர், கிண்ணத்தோடு வந்தது, மாம்பழ வடிவத்தில் ஒன்று. மில்லிகிராம் ஒவ்வொன்றின் நடுவிலும் பிறகு நாலு மூலைகளிலும் கடையில் இருந்த அதே டம்ளரை வைத்து வைத்துப் பார்த்தார். நல்ல தராசுக்கு நடுவும் ஒன்றுதான், மூலையும் ஒன்றுதான். பதின்மூன்று தராசுகள் மூலையில் வழுக்கின. வாங்க வந்தவர்கள் மூன்று பேர், இது சோதனை என்று நினைத்து, திரும்பிப் போனார்கள்.

"சார், கையெடுத்துக் கும்பிடறேன். இது சோறு நிறுக்கிறது. தங்கம் நிறுக்கிறது இல்ல."

"தங்கத்துல ஒரு கிராம் குறைஞ்சா தங்கம்தான்யா போகும்" என்றார் மில்லிகிராம்.

கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பதினாலாவது தராசைத் துடைத்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்.

அந்தத் தராசில் ஒரே ஒரு குறை. முப்பது நொடி சும்மா இருந்தால் தானாக அணைந்துவிடும். மில்லிகிராம் சோற்றைக் கரண்டி கரண்டியாக, கடைசியில் பருக்கை பருக்கையாக வைப்பவர். முந்நூற்று நாற்பத்தொன்பதுக்கு வந்து, இன்னும் எத்தனை பருக்கை என்று யோசிக்கிற நேரத்தில் தராசு தூங்கிவிடும். எழுப்பினால் பூஜ்யம் என்று சொல்லும். தட்டு நிறையச் சோறு வைத்துக்கொண்டு பூஜ்யம் என்கிற தராசை அவர் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை.

அதைச் சரிபார்க்க இரண்டாவது தராசு வாங்கினார். அது முதல் தராசோடு ஒத்துப்போகவில்லை என்பதைத்தான் தொடக்கத்திலேயே பார்த்தோம். இரண்டில் எது நியாயம் என்று சொல்ல மூன்றாவது தராசு வந்தது. கடைக்காரர் தானாகவே கொடுத்தனுப்பிய உயர்ந்த சரக்கு. அது வாய்விட்டு எடை சொல்லும். ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையான குரல்.

"பன்னிரண்டு கிராம். நன்றி" என்றது முதல் கரண்டிக்கு.

"இருபத்தாறு கிராம். நன்றி."

"இவ யாருங்க சமையல்கட்டுக்குள்ள?" என்று மனைவி கூடத்திலிருந்து கேட்டாள்.

"தராசு."

"நான் முப்பத்தோரு வருஷம் கரண்டி போட்டேன். ஒரு நாள் நன்றி வந்துச்சா?"

மில்லிகிராம் கேட்காத மாதிரி இருந்தார். ஆனால் அன்றிலிருந்து, மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தால், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நன்றி" என்று தராசுக்கும் கேட்காத குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

பேசும் தராசு முந்நூற்று நாற்பத்து நாலு என்றது. ஆக ஒரு தட்டுக்கு மூன்று எடைகள். தராசுகளைச் சொல்லிக் குற்றமில்லை, இடம் சரியில்லை என்று முடிவு செய்தார் மில்லிகிராம். கொத்தனாரிடம் ரசமட்டம் இரவல் வாங்கி வந்து வீடு முழுக்க வைத்துப் பார்த்தார். சமையல் மேடை கிழக்கே சாய்ந்திருந்தது. சாப்பாட்டு மேசை மேற்கே சாய்ந்திருந்தது. கூடம் மொத்தமும் வாசலை நோக்கி இறங்கியது. அந்த வீட்டிலேயே ரசமட்டத்தின் குமிழி நட்டநடுவில் நின்ற இடம் ஒன்றே ஒன்றுதான். அது குளியலறைக் கதவுக்கு முன்னால் இருந்தது.

சாப்பாட்டு மேசை அங்கே போயிற்று.

காற்றில் ஒரு கிராம் ஆடுகிறது என்று மின்விசிறி நின்றது. ஜன்னல்கள் மூடப்பட்டன. மனைவி குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டு, வியர்க்க வியர்க்க, ஆறிப்போன சோற்றின் முன்னால் உட்கார்ந்தாள். மில்லிகிராம் நோட்டும் பேனாவுமாக எதிரில் நின்றார்.

"நீங்க உக்காரலையா?"

"எழுத வேண்டாமா? நீ சாப்பிடு."

அவள் இரண்டு வாய் சாப்பிட்டாள். அவரைப் பார்த்தாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

"போதும்."

"இன்னும் இருநூத்தி எண்பது கிராம் இருக்கே."

"தனியா சாப்பிட்டா இறங்க மாட்டேங்குது."

அவர் மிச்சத்தை நிறுத்து நோட்டில் எழுதினார். மறுநாள் மிச்சம் இன்னும் கூடியது. அதற்கும் மறுநாள் அவள் தட்டைத் தொடவேயில்லை. நோட்டில் சாப்பிட்டது என்ற பத்தி மெலிந்துகொண்டே போக, மிச்சம் என்ற பத்தி மட்டும் நன்றாகத் தேறியது.

மாலையில் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, சாப்பிட்டாச்சா?"

"காலையில அறுபது கிராம். மத்தியானம் எழுபது. பருப்பைத் தொடவே இல்ல. முட்டையில வெள்ளை மட்டும்."

"நான் கேட்டது உங்களை."

"எனக்கென்ன, நான் கல்லு மாதிரி இருக்கேன். அம்மாவைப் பத்திக் கேளு."

"போனை அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றாள். அம்மாவும் மகளும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். தராசு அணைந்துவிட்டது.

பத்து நாள் போயிருந்தது. மில்லிகிராம் பின்கட்டில் போய், துணி காயப்போடும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாசம் முடிய இருபது நாள். ரெண்டு கிலோ. ஏறாவிட்டால் அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு இந்த வீட்டுக்குத் தனியாக வர வேண்டும். இந்த வீட்டில் தனியாக என்பதை அவர் ஒரு தடவைகூட எடைபோட்டுப் பார்த்ததில்லை. இப்போது போட்டுப் பார்த்தார். கை தாங்கவில்லை. கம்பியை விட்டுவிட்டு நேரே பாத்திரக் கடைக்கு நடந்தார்.

"பேசற தராசு வேண்டாம். தூங்கற தராசு வேண்டாம். பொய் சொல்லாத ஒண்ணு இருந்தா குடு" என்றார்.

கடைக்காரர் ஏணி போட்டு மச்சில் ஏறினார். இறங்கும்போது கையில் பித்தளைத் தராசு ஒன்று இருந்தது. நடுவில் தண்டு, இரண்டு பக்கமும் சங்கிலியில் இரண்டு தட்டுகள். தூசியை ஊதிவிட்டு, தண்டின் நடுவில் விரலை வைத்துக் காட்டினார்.

"நீங்க தூக்கிட்டுப் போனீங்களே, அதுதான் சார். சரிபண்ணித் திருப்பிக் கொடுத்தப்ப நீங்க குத்தின முத்திரை. அன்னிக்கு உங்களைத் திட்டின திட்டு கொஞ்சநஞ்சம் இல்ல. அப்புறம் பதினெட்டு வருஷத்துல ஒரு ஆள் இதைப் பத்திக் குறை சொன்னது கிடையாது. எடுத்துட்டுப் போங்க."

மில்லிகிராம் தராசை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குளியலறைக் கதவின் முன் உத்தரத்தில் கொக்கி போட்டு மாட்டினார். தண்டு ஆடி ஆடி நேராக நின்றது. அழகாக நின்றது. அதற்குப் பிறகுதான் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. எதிர்த் தட்டில் வைக்க எடைக்கல் இல்லை. கடைக்காரரிடம் இருந்த கற்களின் முத்திரை காலாவதியாகிவிட்டது. தராசைக் கண்ணால் சரிபார்த்துவிடலாம், கல்லை முடியாது; காலாவதியான கல்லை மனைவிக்குச் சோறு நிறுக்க வைப்பதற்கு அவர் மனம் ஒப்பவில்லை.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு காலித் தட்டுகளும் அவர்கள் தலைக்குமேல் மெல்ல ஆடின.

"உங்க கைக்குத்தான் எடை தெரியுமே. கையாலயே நிறுத்துட்டுப் போங்களேன்."

"என் கைக்கு முத்திரை கிடையாது."

"சரி, அப்ப இப்படிச் செய்யுங்க. என் தட்டை அந்தப் பக்கம் வைங்க. உங்க தட்டை இந்தப் பக்கம் வைங்க. ரெண்டும் சமமா நின்னா நான் சாப்பிடறேன்."

"எதுக்குச் சமம்? உன் தட்டு சரியான எடைன்னு என் தட்டை வச்சு எப்படிச் சொல்றது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீங்க எவ்வளவு சாப்பிடறீங்களோ அவ்வளவு நான் சாப்பிடுவேன். நீங்க ஒரு வாய் வச்சா நான் ஒரு வாய். நீங்க மிச்சம் வச்சா நானும் மிச்சம்."

இது எடையியலுக்கு முற்றிலும் விரோதமானது என்று அவர் சொல்ல நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்து போய் இரண்டு தட்டு கொண்டுவந்தார்.

சீட்டில் இருந்தபடி மதியம் முந்நூற்றைம்பது. சோறு, பருப்பு, காய், இரண்டு முட்டை, மேலே வெண்ணெய். கையில் ஏந்தி, முத்திரை இல்லாத கையென்றாலும் ஒரு கிராம் பிசகாமல், இரண்டு தட்டிலும் வைத்தார். தண்டு நேராக நின்றது. அப்புறம் தட்டுகளை இடம் மாற்றி வைத்தார்.

"இது எதுக்குங்க?"

"தராசை ஒரு தடவை பாத்து நம்பக் கூடாது. இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம் மாத்தி வைக்கணும். அப்பவும் சமமா நின்னாத்தான் அது நேர்மை."

மாற்றி வைத்தபோதும் தண்டு அசையவில்லை. ஆனால் எது யாருடைய தட்டு என்பது இருவருக்கும் மறந்துவிட்டது. "எல்லாம் ஒண்ணுதான், உக்காருங்க" என்று சொல்லி மனைவி ஒன்றை அவர் முன்னால் வைத்தாள்.

மில்லிகிராம் உட்கார்ந்தார். ஒரு வாய் வைத்தார். அவள் ஒரு வாய் வைத்தாள். நாலாவது வாயில் அவருக்குத் தொண்டை அடைத்தது. சில மாதங்களாகவே அப்படித்தான். சோறு அவருக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. கையை உதறப் போனவர், எதிரில் அவள் கையும் தட்டுக்கு மேலே அப்படியே நிற்பதைப் பார்த்தார். தான் விடும் ஒவ்வொரு பருக்கையும் அவள் வயிற்றில் இருந்து போகிறது. தண்ணீர் குடித்தார். அடுத்த வாயை எடுத்து வைத்தார்.

தட்டு காலியாக ஒரு மணி நேரம் ஆயிற்று. நோட்டில் மிச்சம் என்ற இடத்தில் முதல் தடவையாகப் பூஜ்யம் போட்டார். பூஜ்யத்தைப் பார்த்து ஒரு தராசு ஆய்வாளர் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

அதன் பிறகு நாலு வேளையும் அப்படியே. மறுநாள் மின்விசிறி சுழன்றது. பித்தளைத் தராசு காற்றுக்கெல்லாம் அசைகிற ரகம் இல்லை. ஜன்னல் திறந்தது. தூங்கும் தராசும் ஒத்துப்போகாத தராசும் பெட்டிக்குள் போயின. பேசும் தராசை மட்டும் மனைவி வைத்துக்கொண்டாள். பொழுது போகாதபோது அதன்மேல் கையை வைத்து நன்றி வாங்குவாள்.

எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு வராமல் இருக்குமா. ஆறாம் நாள் மில்லிகிராம் தன் முதல் சோதனையைச் சொன்னார்: ஒரு மளிகைக் கடைக்காரர் அவரைக் கண்டதும் எடைக்கல்லை விழுங்கப் பார்த்ததையும், ஐந்து கிலோ கல்லானதால் அது முடியாமல் போனதையும். பத்தாம் நாள் அவள் தன் தட்டில் வெண்ணெய் கொஞ்சம் கூடுதலாக வைத்தாள். தராசு சாய்ந்தது. சமப்படுத்த அவர் தன் தட்டிலும் கொஞ்சம் வைத்தார். அது கூடிப்போனது. அவள் மறுபடி வைத்தாள். நேராக நிற்பதற்குள் ஆளுக்கு நானூறு கிராம் ஆகிவிட்டது.

"சாப்பிட்டுடுவியா?" என்று கவலையோடு கேட்டார்.

"நீங்க சாப்பிட்டா."

பதினைந்தாம் நாள் மனைவி தன் துணிகளின் தையலைப் பிரித்து அகலப்படுத்துவதைப் பார்த்தார். பின்கட்டுக்குப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தார்.

மாதம் முடிந்த அன்று நோட்டை உறை போட்டு எடுத்துக்கொண்டார். காலையில் இருவருக்கும் நூற்றெண்பது கிராம். மிச்சம் பூஜ்யம். நடந்தே போனார்கள். அவர் முன்னால் நடந்தார், வழியில் எங்கும் நிற்காமல்.

நர்ஸ் அறை காலியாக இருந்தது. நர்ஸ் கோப்பு எடுக்க உள்ளே போயிருந்தாள். மில்லிகிராமுக்குப் பொறுமை இல்லை.

"ஏறு" என்றார்.

"அவங்க வரட்டுமே."

"வந்தா வரட்டும். ஏறு. மெஷின் நம்பறதுக்கில்லைதான், ஆனா ஏறினதா இறங்கினதான்னு சொல்லும் இல்ல. போன தடவை நீ எவ்வளவு?"

"அம்பத்தெட்டு" என்று சொல்லிவிட்டு மனைவி மெதுவாக ஏறி நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அறுபத்தொரு கிலோ நானூறு கிராம்.

மில்லிகிராம் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். மூன்று கிலோ நானூறு. கேட்டது ரெண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டார். முப்பத்திரண்டு வருடத்தில் எந்தத் தராசுக்கும் அவர் நனைந்த கண்ணோடு முத்திரை வைத்தது கிடையாது. இப்போது கையில் முத்திரை இருந்திருந்தால் அந்த இயந்திரத்தின் நெற்றியில் குத்தியிருப்பார்.

"ஏம்மா அழறே?" என்று மனைவியைக் கேட்டார்.

"நீங்க அழறீங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

நர்ஸ் கோப்போடு உள்ளே வந்தாள். இயந்திரத்தின்மேல் நின்றவளைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்தாள். கோப்பைப் பிரித்து ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டாள்.

"அம்மா, நீங்க இறங்குங்க, கூட வந்தவங்களுக்கு இங்க எடை பாக்கிறதில்ல. ஐயா, செருப்பைக் கழட்டிட்டு நீங்க ஏறுங்க; போன மாசம் பதினோரு கிலோ குறைஞ்சு வந்து சாப்பாட்டுச் சீட்டு வாங்கிட்டுப் போனது நீங்கதானே."